செல்வி அக்கா வீட்டு ஓவனும் மூணு சென்சாரும்

ஓவன் மெக்கானிக்கை யாரும் ஓவன் கெட்டுப்போச்சுன்னு கூப்புடறதில்லை, கேக்கு கெட்டுப்போச்சுன்னுதான் கூப்புடுவாங்க. என்னை மாதிரி டூல்ஸ் பையைத் தோள்ல மாட்டிகினு லிஃப்ட் இல்லாத மாடியெல்லாம் ஏறி எறங்குற சக பாவிகளுக்கு இது புரியும். கேக்கு அமுங்குன வீட்டுல நம்ம மொகத்தைப் பாத்ததும், ஏதோ நாமதான் மாவு கலக்கிக் குடுத்த மாதிரி ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அதைத் தாங்க தனி நெஞ்சு வேணும்.

இப்பல்லாம் எனக்கு வேலை மொபைல் ஆப்புல வருது. ஒரு முகவரி, நாப்பது நிமிஷம், முடிச்சதும் ஓடிபி, அதுக்கப்புறம் அஞ்சுக்கு எத்தனை ஸ்டார். வீட்டுக்காரங்க பேரு கூட முழுசா தெரியறதில்லை. அதனாலயோ என்னவோ, மழை புடிச்சா எனக்கு எர்ணாவூர் பக்கத்துக் குப்பத்துல செல்வி அக்கா வீடுதான் ஞாபகத்துக்கு வருது. ஒரே மழைக்காலத்துல ஒரே ஓவனுக்கு நான் மூணு சென்சார் மாத்துன வீடு அது. அப்ப பட்ட அவஸ்தையை இப்ப நெனச்சா ஏக்கமா இருக்குன்னா நம்புவீங்களா?

துபாய்ல இருந்து வந்த பொட்டி

செல்வி அக்கா இருவது வருஷம் தலையில மீன் கூடை வெச்சு திருவொற்றியூர் தெருவெல்லாம் வித்தவங்க. கழுத்து எலும்பு தேஞ்சுபோச்சு, இனிமே பாரம் தூக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. துபாய்ல வேலை பாக்குற தம்பி ஒரு பெரிய ஓவனை அனுப்பி வெச்சான். ராயபுரத்துல ஒரு சர்ச் ஹால்ல ஐரீன் டீச்சர்னு ரிட்டையர் ஆன அம்மா சும்மாவே கேக்கு சொல்லிக் குடுத்தாங்க, அங்க போயி அக்கா கத்துக்கிட்டாங்க. "ஒரு பிளம் கேக்கு சாம்பிள் கொண்டா, நல்லா இருந்தா கிறிஸ்மஸுக்கு எங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் சேத்து முப்பது கேக்கு உன்கிட்டயே சொல்றேன்"னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. அந்த முப்பது வந்தா வருஷா வருஷம் வரும். வரலேன்னா கழுத்து என்ன ஆனாலும் மறுபடியும் கூடைதான். இந்த நேரம் பாத்து கேக்கு நடுவுல குழியா அமுங்க ஆரம்பிச்சுது.

நான் போயி பாத்தேன். ஓவனோட பின்சுவத்துல, மேல மூலையில, பென்சில் தடிமன்ல ஒரு கம்பி நீட்டிகினு இருக்கும். அதுதான் சென்சார். ஜுரத்துக்கு நாக்குக்கு அடியில வெப்பாங்களே, அந்த வேலைதான் இதுக்கும். உள்ள எவ்ளோ சூடுன்னு அது சொல்றதை நம்பித்தான் ஓவன் நடக்குது. இங்க அது நூத்தி எண்பதுன்னு சொல்லுது, உள்ள நூத்தி முப்பது கூட இல்லை. பின்பக்கம் பிளக்குல பச்சையா துரு. கடல் காத்துன்னு முடிவு பண்ணேன். கம்பி வேற கீழ வளைஞ்சிருந்துது, கேக்கு டின்னை இடிச்சிருப்பாங்கன்னு அதுக்கும் ஒரு காரணம் கண்டுபுடிச்சேன். ரெண்டு ஸ்க்ரூ கழட்டி, பழசை உருவி, புதுசை சொருகிட்டு, இனிமே டின்னைப் பாத்து வைங்கன்னு புத்திமதியும் சொன்னேன். அக்கா பொறுமையா கேட்டுட்டு சொன்னாங்க: "மீனு செவுளப் பாத்தா எந்நேரத்துல புடிச்சதுன்னு சொல்லிடுவேன் தம்பி, இந்தக் கம்பி மன்சுல இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

பாய் நாக்குல வெச்சுப் பாத்தது

பத்தாவது நாள் போன் வந்துது. அதே குழி. போயி பாத்தா பிளக்கு மறுபடியும் பச்சை, கம்பி மறுபடியும் வளைஞ்சு கெடக்குது. டின்னு இடிக்கலைன்னு கடலம்மா மேல சத்தியம் பண்ணாங்க அக்கா. என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா கூட மனசு லேசா இருந்திருக்கும்.

நேரா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் காதர் பாய், எனக்குத் தொழில்ல பத்து வருஷப் பழக்கம். கல்லா மேல சென்சாரைப் போட்டு, டூப்ளிகேட் விக்கிறீங்களான்னு சத்தம் போட்டேன். அவர் புதுசு ஒண்ணை எடுத்து மீட்டர் வெச்சாரு. ஆயிரத்து எண்பது ஓம்ஸ், நல்ல சென்சாருக்கு எவ்ளோ இருக்கணுமோ அதை சுத்தமா காட்டுச்சு. அப்புறம் என் பழைய பிளக்கை நகத்தால சொரண்டி, அதை நாக்கு நுனியில வெச்சுப் பாத்தாரு. எனக்குக் கோவம் இன்னும் ஏறிப்போச்சு. இனிமே உங்க கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, புது சென்சாரை மட்டும் மறக்காம எடுத்துகினு எறங்குனேன். பாய் பின்னாலயே கொரல் குடுத்தாரு: "இது காத்துல வந்த உப்பு இல்ல மாமு, கையால போட்ட உப்பு. ஸ்பேர பாக்காத, வூட்ட பாரு."

ஐரீன் டீச்சர் மூக்கு

ரெண்டாவது சென்சாரை மாட்டிட்டு இந்தத் தடவை நான் நகரலை. அக்காவை அங்கயே கேக்கு போடச் சொல்லி, ரெண்டு மணி நேரம் குந்திகினு இருந்தேன். வாசல்ல அக்கா வீட்டுக்காரர் மூர்த்தி அண்ணன் வலையைப் பிரிச்சுப் போட்டு ஒட்டு போட்டுகினு இருந்தாரு. ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துறதும் எறக்குறதுமா இருந்த மாசம் அது. ஒரு நாள் கடலுக்குப் போனா ஒரு வாரம் படகு கரையிலதான். ஓவன்ல இன்னாதான் கோளாறுன்னு நான் பொலம்பறப்பல்லாம் அவர் வலைக்குள்ளயே மொகத்தைப் பொதைச்சுகினாரு.

கேக்கு கும்முனு உப்பி வந்துது. ஷேர் ஆட்டோவுல நசுங்கிடும்னு நானே பைக்ல அக்காவை ராயபுரம் கூட்டிப் போனேன். டீச்சர் ஒரு துண்டு வெட்டி, வாய்க்கிட்ட கொண்டு போயி, அப்படியே தட்டுல வெச்சுட்டாங்க. கேக்கு அருமையா வந்திருக்கு, ஆனா வாளைக் கருவாட்டு வாசனை அடிக்குதுன்னு சொன்னாங்க. நான் மோந்து பாத்தேன், அக்கா மோந்து பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியலை. நானும் கடலோரக் குப்பத்துல வளந்தவன்தான். பொறந்ததுல இருந்து அந்த வாசனையிலயே வளந்த மூக்கு, அதுக்கு எப்படித் தெரியும்? அடுத்த ஞாயித்துக்கெழமை வேற ஒண்ணு கொண்டா, அதுவும் இப்படி இருந்தா முப்பதையும் நான் வெளிய வாங்கிக்கிறேன்னு டீச்சர் சொன்னாங்க.

திரும்பி வர்றப்ப திருவொற்றியூர் தேரடி சிக்னல்ல நின்னப்ப கண்ணாடியில பாத்தேன், அக்கா கையை மூக்குகிட்ட வெச்சு மோந்துகினு இருந்தாங்க. என்னக்கான்னு கேட்டேன். அக்கா சொன்னாங்க: "இருவது வருசம் கூடை தூக்குன கையி தம்பி. சோப்பு போட்டா மட்டும் போயிடுமா?"

கொக்கி

அந்த வார்த்தை என்னை வேலை செய்ய விடலை. ரெண்டு நாள் கழிச்சு மத்தியானம், சொல்லாம கொள்ளாம குப்பத்துக்குப் போனேன். அக்கா திராட்சை வாங்க பஜாருக்குப் போயிருந்தாங்க. கதவு திறந்து கெடந்துது. உள்ள மூர்த்தி அண்ணன் ஓவன் முன்னாடி குத்துக்காலிட்டு உக்காந்திருந்தாரு. ஓவன் கதவு இடுக்குல ஒரு கரண்டி முட்டுக் குடுத்திருந்துது. எட்டிப் பாத்தேன். தட்டு நெறைய உப்பு போட்ட வாளை. எடம் பத்தாததுக்கு, என் புது சென்சார் மேல நாலு வாளையை ரெண்டா மடிச்சு, கொடியில துணி காயப் போடுற மாதிரி தொங்கவிட்டிருந்தாரு. உப்புத் தண்ணி சொட்டு சொட்டா கம்பி வழியா பின்னால எறங்கிகினு இருந்துது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ரெண்டு சென்சார், பாயோட சண்டை, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துது. அவர் பதறிப்போயி எழுந்தாரு. கடலுக்குப் போற ஒண்ணு ரெண்டு நாள்லயும் வலையில வாளை நெறைய விழுந்துதாம், வெலை போகலையாம். உப்பு போட்டு வெச்சா வெயிலே இல்லை, அழுகிப்போகும். பொண்டாட்டி கேக்கு போட்டு சோறு போடறப்ப சும்மா குந்திகினு துன்ன மனசு ஒப்பலையாம். குப்பத்துல வாளையைத் தொங்கவிட்டுத்தான் காய வெப்பாங்க, அதனால அந்தக் கம்பியைப் பாத்ததும், மாட்றதுக்குன்னே வெளிநாட்டுக்காரன் கொக்கி வெச்சுக் கீறான்னு நெனச்சுட்டாராம். செல்விக்கு மட்டும் சொல்லாதன்னு கையைப் புடிச்சாரு. அப்பதான் டீச்சர் சொன்னதையும், அக்கா பைக்ல கையை மோந்து பாத்ததையும் சொன்னேன். மனுசன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. அப்புறம் கம்பியில தொங்குன வாளையை ஒவ்வொண்ணா எடுத்துகினே சொன்னாரு: "அவ கையில இன்னா தப்பு கீது? நானே சொல்லிடறேன் தம்பி, நீ வாய தொறக்காத."

மூணாவது சென்சார்

அன்னிக்கு சாயங்காலமே அவர் சொல்லிட்டாரு. அக்கா ரெண்டு நாள் அவர்கிட்ட பேசலையாம். ஆனா அப்பப்ப கையை மோந்து பாத்துத் தனக்குள்ள சிரிச்சுகினாங்கன்னு அவரே என்கிட்ட சொன்னாரு. நான் காதர் பாய் கடை வாசப்படியை மறுபடியும் மிதிச்சேன். பாய் டீ வாங்கிக் குடுத்துட்டுத்தான் சென்சாரை எடுத்தாரு, ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. அன்னிக்கு அவர் மேல வந்த மரியாதை இன்னிக்கும் எனக்குக் கொறையலை. ஆப்ப சோடாவும் எலுமிச்சம்பழமும் போட்டு ஓவனை மூணு பேரும் தேச்சோம். அப்புறம் மூணாவது சென்சாரை மாட்டி, வெறும் ஓவனை ரெண்டு தடவை முழு சூட்டுல ஓடவிட்டேன். வாளை மாட்ட ஜன்னல் சட்டத்துல மூர்த்தி அண்ணன் நெஜமாவே நாலு கொக்கி அடிச்சாரு.

ஞாயித்துக்கெழமை மூணு பேரும் போனோம். கேக்கை மூர்த்தி அண்ணன் மடியில வெச்சுகினு ஷேர் ஆட்டோவுல வந்தாரு. டீச்சர் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, தப்பு என்னுதும்மா, அவ கை சுத்தம்னு நின்ன எடத்துலயே ஒப்பிச்சாரு. கொக்கி விஷயத்தையும் விடலை. டீச்சர் கேக்கை வெட்டுனாங்க. மோந்து பாத்தாங்க. ஒரு வாய் போட்டாங்க, இன்னொரு வாய் போட்டாங்க. செல்வி அக்கா முந்தானையில கையைச் சுத்தி மறைச்சு வெச்சுகினு நின்னாங்க. டீச்சர் எழுந்து வந்து அந்தக் கையை வெளிய எடுத்துப் புடிச்சுகினே சொன்னாங்க: "கேக்கு முப்பது. அந்த வாளை மீதி இருந்தா அதுல ஒரு கிலோ. ரெண்டையும் தனித்தனிப் பையில கொண்டா, செல்வி."

இப்ப அந்தக் குப்பத்துல பாதிப் பேரு ஹவுசிங் போர்டு மாடிக்குப் போயிட்டாங்க. அக்கா வீட்டுல ரெண்டு ஓவன் ஓடுது, ரெண்டும் கேக்குக்குத்தான். இந்த ஆப்புக்காரன் எனக்கு எத்தனை ஸ்டார் குடுத்தாலும் சரி, எந்த வீட்டு ஓவனைத் திறந்தாலும் மீட்டரை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி, கருவாடு தெரியாத மூக்கா இருந்தாலும், நான் ஒரு தடவை நல்லா மோந்து பாத்துடறேன்.