மறைப்பு கேட்ட சுதந்திர தினம்

சுதந்திர தினம் வந்தால் உப்பளத்துப் பெண்கள் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. மரக்காணத்து உப்பளம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே கிடக்கிறது. பாத்தி, வரப்பு, மறுபடியும் பாத்தி. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. மற்ற நாட்களில் இருட்டு விலகுமுன் காரியத்தை முடித்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அவசரமென்றால் இரண்டு பேர் புடவையை விரித்துப் பிடிப்பார்கள், ஒருத்தி உட்காருவாள். ஆகஸ்ட் பதினைந்தில் அதுவும் முடியாது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற கார்களெல்லாம் உப்புக் குவியலைப் பார்த்ததும் நின்றுவிடும். கன்னத்தில் கொடி வரைந்த பிள்ளைகள் இறங்கி வந்து குவியலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதுகளைக் குறை சொல்லமாட்டேன், வெள்ளை வெளேரென்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். கூட வந்த ஆண்கள் சாலையோரம் வந்து, எங்களைப் பார்த்தபடியே நின்று ஒன்றுக்கிருந்துவிட்டு, பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போவார்கள். அவர்கள் நாட்டில் அவர்கள் நிற்கிறார்கள். நாங்கள் உப்பு வாரிக்கொண்டிருப்போம். அளத்துக்கு அன்றைக்கு லீவு கிடையாது.

நானும் அப்படி அடக்கிக்கொண்டே வயசான ஆள்தான். முட்டி தேய்ந்து நான் வேலையிலிருந்து நின்ற பிறகு என் மருமகள் போகிறாள். மகன் லாரியில் ஏறினால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. வீடு அவள் கையில்தான் ஓடுகிறது. போன வருஷம் ஆடியில் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. எங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் காய்ச்சலில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா சின்னப் பெண், பொறுமையாகப் பேசினாள்.

“தண்ணி நிறைய குடிக்கணும்மா. வந்தா அடக்கவே கூடாது. இப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும், அப்புறம் மாத்திரையில நிக்காது.”

“குடிச்சா எங்க போறதுங்க?” என்றாள் மருமகள்.

குத்தலாகக் கேட்கவில்லை. டாக்டருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். அந்தப் பெண் குனிந்து மாத்திரை எழுதினாள்.

சுதந்திர தினத்தில் கொடி ஏற்றியானதும் எங்கள் கிராமத்தில் கிராம சபை நடக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம், ஜனங்கள் கை தூக்கினால் அதைத் தீர்மானமாக எழுத வேண்டும் என்று டிவியில் சொல்லக் கேட்டிருந்தேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஆனால் கேட்பதற்கு வாய் போதுமே. ஒரு வாசலிலும் போய்க் கைகட்டி நின்றவள் இல்லை நான். இதைக் கேட்பது அப்படி நிற்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. நாட்டுக்கு விடுதலை வாங்கினவர்கள் எங்களுக்கும் சேர்த்துத்தானே வாங்கியிருப்பார்கள்?

காய்ச்சல் விட்டு மருமகள் வேலைக்குப் போன அன்று காலை கூழ் கொண்டுபோனபோது அளத்திலேயே பேச்சை எடுத்தேன்.

“அளத்தோரம் நாலு பக்கமும் தகரம், ஒரு கதவு, ஒரு டிரம் தண்ணி. அவ்ளோதான் கேக்கப் போறேன். அன்னிக்கு ஒருநாள் வேலைக்கு வராதீங்க. எல்லாரும் வந்து கை தூக்குங்க.”

“யக்கா, கதவுக்குத் தாழ்ப்பா உண்டா? இல்ல அதுக்குத் தனியா ஒரு சுதந்திரம் வாங்கணுமா?” என்றாள் ஒரு வாய்க்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிங்கடி, நல்லா சிரிங்க. சிரிச்சா வந்துடப் போவுது, பாத்து.”

அதற்கு இன்னும் சிரிப்பு. வாய்க்காரியே கடைசியில், “சரி விடுக்கா, வர்றோம். நான் கொடி ஏத்தறதப் பாத்து எத்தினி வருஷம் ஆவுது” என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மருமகள் கூழில் பாதியைக் குடித்துவிட்டுச் சொம்பை மூடி வைத்தாள். கூழிலும் தண்ணீர்தானே இருக்கிறது.

சொன்னபடி வந்தார்கள். நல்ல புடவை கட்டி, பூ வைத்து, மாரில் கொடி குத்திக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேரைக் காணோம். அன்றைக்குக் கடை மூடியிருக்கும் என்று முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடின. கொடி அவிழ்ந்து பூ உதிர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன். ரத்தம் சிந்தி வாங்கிய சுதந்திரம் என்று ஊராட்சித் தலைவர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். லட்டு வாங்கியதும் கூட்டத்தில் பாதி வெளியே போய்விட்டது. பந்தலும் லட்டும் எங்கள் அளத்து முதலாளி உபயம். அவர் முன்வரிசையில், தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

என் முறை வந்தது. எழுந்து நின்று, மருமகளுக்கு வந்த நோவைச் சொல்லி, மறைப்பு வேண்டும் என்று கேட்டேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தான். மேசையில் இருந்த அதிகாரி, “அம்மா, அளத்து நிலம் வேற டிபார்ட்மென்ட். அத இங்க பேச முடியாது” என்றார்.

“போன எலக்‌ஷன்ல வரப்பு மேல நடந்து வந்து எங்ககிட்ட ஓட்டு கேட்டாரே தலைவர். அப்ப அது எந்த டிபார்ட்மென்ட்டுங்க?”

தலைவரே சிரித்துவிட்டார். “ஆயா விடாது போலருக்குதே. சரி, இதுக்கு யார் யார் ஆதரவு? கை தூக்குங்க.”

முதலாளி நாற்காலியில் இருந்தபடியே கழுத்தைத் திருப்பினார். முறைக்கவில்லை. சிரித்த முகமாக, எங்கள் பெண்களை ஒருத்தி ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வாய்க்காரி தலைப்பூவைச் சரி செய்தாள். இன்னொருத்தி பேத்திக்கு லட்டு பிட்டு ஊட்டினாள். ஒரு கைகூட எழவில்லை. மருமகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க அத்தே. மானம் போவுது.”

“உனக்காகத்தான் கேக்கறேன்.”

“நான் கேக்கச் சொன்னனா?”

உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைக்காரன் துப்பாக்கி வைத்துக்கொண்டு ஆண்டான் என்பார்கள். அந்தப் பந்தலில் துப்பாக்கி இல்லை, போலீஸ் இல்லை. எங்கள் கையை யாரும் கட்டிப் போடவில்லை. ஒரு மனிதர் கழுத்தைத் திருப்பினார், அவ்வளவுதான். அடுத்த தீர்மானத்தை வாசித்தார்கள், அதற்கும் யாரும் காது கொடுக்கவில்லை. மாரில் கொடி குத்திக்கொண்டு வருகிறோமே, இது எதற்கு என்று ஒருநாளாவது யாராவது யோசித்திருப்போமா? இனாமாகக் கிடைத்த சாமானைப் போல அதை வாங்கி ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறோம்.

அடுத்த நாள் விடியுமுன் வேலைக்குப் போன மருமகள் வெயில் ஏறுமுன் திரும்பி வந்தாள். கூட வந்திருந்த மற்றவர்கள் வாசலில் நின்றார்கள்.

“உங்களாலதான்கா. மேஸ்திரி பாத்தியில கால வைக்க வுடல. மீட்டிங்குக்குத்தானே போனீங்க, அங்கியே போங்க, சீசன் முடியற வரைக்கும் வராதீங்கன்னுட்டாரு” என்றாள் வாய்க்காரி. அவள் குரலில் கேலி இல்லை. மழைக்காலம் வந்துவிட்டால் அளத்தில் வேலை இருக்காது. அதுவரை வருகிற கூலியில்தான் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்.

நானே பேசுகிறேன் என்று அவர்களோடு கிளம்பிப் போனேன். மேஸ்திரி குவியலோரம் நின்றிருந்தார். என்னோடு அதே பாத்தியில் உப்பு வாரி, பிறகு மேஸ்திரியானவர். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முன்னால் போய்விட்டாள்.

“எங்க அத்தைக்கு வயசாயிடுச்சுங்க. கொஞ்ச நாளா புத்தி சரியில்ல. ஏதேதோ பேசுது. தனியா மீட்டிங்குக்குப் போயிடுச்சேன்னு கூட்டியாரத்தான் நாங்க எல்லாரும் போனோம். மொதலாளி கிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.”

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். என் புத்தி எப்படிப்பட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

“இன்னா ஆயா, அப்படியா?”

அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். மருமகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கி அடக்கி முகம் வீங்கி, தண்ணீரில்லாமல் உதடு வெடித்து நின்றாள். நான் மேஸ்திரியை மேலும் கீழும் பார்த்தேன்.

“நீ யாரு வூட்டுப் புள்ளப்பா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். பெண்களும் சிரித்தார்கள், வேகமாகச் சிரித்தார்கள். “சரி சரி, போங்க. போயி கூடைய எடுங்க. ஆயாவ வூட்டுல வச்சு பூட்டுங்கம்மா” என்றார். மருமகள் என்னைப் பார்க்காமலே பாத்தியில் இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து ஊருக்கு நான் புத்தி கெட்ட கிழவி. மருமகள் என்னிடம் முன்னைவிட மரியாதையாக இருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. இந்த வருஷமும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கிராம சபைக்குக் கூப்பிட்டுப் போனார்கள். விட்டு விட்டு வருகிற அதே காய்ச்சலோடு அவள் வேலைக்குப் போயிருந்தாள். அங்கே போய்ப் பேச எனக்கு விஷயம் இருந்தது. எழுந்து நின்றால், பைத்தியம் பேசுகிறது, உட்கார வையுங்கள் என்பார்கள். அந்தப் பேச்சை அவர்கள் வாயில் எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.