கொலை நடக்காத துப்பறியும் கதை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலைப் பாசஞ்சரில் பல வருடங்களாகப் போய்வருகிறேன். அங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்த ரயிலில்தான் அவள் பழக்கமானாள். திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். என்னைவிட நான்கு வயது இளையவள். நான் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலை எட்டிப் பார்த்து, "கொலைகாரன் யாருன்னு சொல்லட்டாக்கா?" என்று கேட்டதுதான் முதல் பேச்சு. கேட்டதோடு நிற்காமல் சொல்லியும் விட்டாள். இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை நான். மூன்றாம் நாள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

நாமே ஒரு நாவல் எழுதலாம் என்றவள் அவள்தான். ஒரே நோட்டு. ஓர் அத்தியாயம் நான் எழுதிக் கொடுப்பேன், அடுத்ததை அவள் எழுதிக்கொண்டு வருவாள். எங்கள் கதையில் ஒரு மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலை வாங்கி விற்பவர், கொலையாகிக் கிடந்தார். துப்பறிகிறவர் ஓய்வுபெற்ற ஏட்டு. துப்பு எதுவும் கிடைக்காமல் நாங்கள் மூவருமே மாட்டிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் திருவக்கரைக்குப் போனோம். அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கல்மரப் பூங்காவுக்கு நடந்தோம். கல்லாகிக் கிடந்த ஓர் அடிமரத்தைத் தடவியபடி, "இதத் தொட்டா நம்ம ஏட்டு பழைய காலத்துக்குப் போயிட்றாருக்கா. கொலை நடந்த அன்னிக்கே போய் நிக்கிறாரு" என்றாள்.

"போவட்டும். ஆனா பாக்கத்தான் செய்யணும். ஆளைத் தெரிஞ்சிக்கினு திரும்பி வந்து ஆதாரம் தேடணும். இல்லன்னா அது ஏமாத்து வேலைடி."

"கண்ணெதிர்ல ஒருத்தனைக் கொல்றாங்க. சும்மா பாத்துக்கினு நிப்பாரா?"

"காப்பாத்திட்டா கொலையே இல்ல. அப்புறம் இன்னாத்த துப்பறியறது?"

"கதை போனா போவுது. ஆளு பொழைக்கட்டும்."

மறுநாள் ரயிலில் விக்கிரவாண்டியிலிருந்து மயிலம் வரைக்கும் இதே சண்டை. எதிரே இருந்த பெரியவர் அதைக் குடும்பத் தகராறு என்று நினைத்திருப்பார்.

அந்த மாதமே அவள் கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கிளம்பிய நாளில் நோட்டு அவள் பையில் இருந்தது. அது அவளுடைய முறை. "எழுதி அனுப்பறேன்க்கா" என்றாள். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. பிறகு வெறும் காலை வணக்கப் படங்கள். வீடு மாறியபோது நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டதாக ஒரு நாள் சொன்னாள். "போனா போவுதுடி" என்றேன். அன்று பள்ளியில் எந்த வேலையும் ஓடவில்லை.

கடைசியில் நானே மறுபடி எழுத உட்கார்ந்தேன். என் அத்தியாயங்களை யோசித்து யோசித்து எழுத வேண்டியிருந்தது. அவளுடையவையோ வரி பிசகாமல் வந்தன. அவள் எழுத்துப் பிழைகள்கூட. கடைசி அத்தியாயத்தில் ஏட்டைச் சும்மா நிற்கவைக்க என்னால் முடியவில்லை. போன காலத்தில் ஒரே ஒரு நாளை எனக்குக் கொடுத்தால் நானும் வேடிக்கை பார்க்க மாட்டேன். போகாதடி என்று சொல்லியாவது பார்ப்பேன். ஏட்டு ஓடிப்போய் வியாபாரியின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

சென்னையில் ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டு, "நல்லா எழுதுறீங்கம்மா. ஆனா கொலையே நடக்கலியே, இதை எப்படிப் போடுறது?" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். மறுநாள் ரயிலில் இருந்தபடியே போன் போட்டேன். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ரயில் சத்தம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எங்கக்கா இருக்கே இப்ப?"

"பேரணி ஸ்டேஷன் தாண்டுது."

"பேசாத. போனை ஜன்னல்கிட்ட வையி."

கையை வெளியே நீட்டாமல் கம்பியோரம் போனைப் பிடித்துக்கொண்டேன். மயிலம் வரும்வரை அவள் வைக்கவில்லை.