புகைக்கும் சூட்டுக்கும் நடுவே ஒரு பெட்டி

கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. அட்டைப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி, மேலே அம்மாவின் பழைய சேலையைப் போர்த்தி வைத்திருந்தேன். வாங்க வேண்டியது இன்னும் இரண்டுதான். எல்லாவற்றையும் உள்ளே பொருத்தி வைக்க ஒரு பெட்டி, உள்ளே இருப்பது சூடேறிப் போகாமல் காக்க ஒரு கூலர். நெஞ்சு படபடக்க வாங்க வேண்டியதையெல்லாம் தயங்காமல் வாங்கியவள், வெறும் தகரக் கூட்டுக்கும் காற்றாடிக்கும் வந்து மாட்டிக்கொண்டேன். காலையில் ஒன்றை முடிவு செய்வேன், மத்தியானம் அதையே திட்டுவேன்.

எனக்குக் கொழும்பில் வேலை. இன்னும் கட்டாத வீடுகளின் உள்ளே எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் நிஜம்போல வரைந்து காட்டுகிற அலுவலகம் அது. எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் சமையலறைகள்தான். பளிங்கு மேடை, கறை படியாத வெள்ளைச் சுவர், புகை என்றால் என்னவென்றே தெரியாத அடுப்பு. அதையெல்லாம் வரைந்துவிட்டு, நாலு பெண்கள் இருக்கும் போர்டிங் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுப்பேன். கொழும்பு எனக்கு ஒத்துவரவில்லை. ஊரைக் குறை சொல்லவில்லை, எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அம்மா கொழுந்து எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து கால் பிசகிக்கொண்டபோது லீவு போட்டுவிட்டு வந்தேன். ஹல்துமுல்லைக்குக் கீழே இறங்கினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா இறந்த பிறகு தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவில் அம்மா தனியாகத்தான் இருந்தாள். கால் சரியாகி அவள் பழையபடி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், கணக்கப்பிள்ளை முன்னால் நின்று பேர் கொடுக்க ஆரம்பித்த பிறகும் எனக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாமா என்று அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் நேரடியாகச் சொல்லிவிட்டார். இந்த வேலையைத் தாங்குகிற கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். ஒரு முழு வீட்டின் படங்களை மாதக் கடைசிக்குள் பரீட்சைக்காக முடித்து அனுப்ப வேண்டும். சரியாக வந்தால் வீட்டிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் முதலாம் தேதி நாற்காலிக்கு வந்துவிட வேண்டும்.

ஆயத்தமாக விற்கிற பெரிய கம்ப்யூட்டர் வாங்க என் கையில் இருந்தது போதாது. பாகம் பாகமாக வாங்கி நானே பொருத்திப் பூட்டினால் கட்டுப்படியாகும். எப்படிப் பூட்டுவது என்று சொல்ல ஃபோனில் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. தமிழில் சொல்பவர்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்தார்கள். முகம் பளபளக்க வியர்த்தபடி, நம்ம ஊர் வெயிலுக்கு மூன்று காற்றாடியாவது வேண்டும், முடிந்தால் தண்ணீரில் ஓடும் கூலரே போடுங்கள் என்று கெஞ்சினார்கள். நான் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டு, கம்பளிக்குள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடுபனியில் இருப்பவள் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டு எழுதிப் பார்த்தேன். “கொடுத்து வச்சவங்க நீங்க” என்று பதில் வந்தது.

லயத்திலும் இதே பேச்சுதான். இந்தக் குளிரில் மனுசனுக்கே நடுக்கம், மெசினுக்கு ஃபேன் வைக்கிறாளாம் என்று பக்கத்துக் காம்பராவில் சிரித்தார்கள். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. குளிர் நமக்குச் செய்கிற ஒரே உபகாரம் இதுவாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் புகை. எங்கள் காம்பராவில் முன்னால் திறந்த இஸ்தோப்பு, அதற்குப் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் சமைக்கிற குசினி. அறைக்கும் குசினிக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது, பாதியில் நின்றுவிடும். கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம், அம்மாவுக்கு அதுதான் விறகு. ஈர மிலாறைப் பற்றவைத்தால் எழும் புகை சுவரைத் தாண்டி அறைக்குள் இறங்கிவிடும். காஸ் அடுப்பு ஒன்று வாங்கித் தந்திருந்தேன். காஸ் கிடைக்காமல் வரிசையில் நின்ற காலத்தோடு அம்மா அதைக் கைகழுவிவிட்டாள். பின்பக்கம் மண்ணை வெட்டிக் குசினியைத் தள்ளிப் போடலாம் என்றால் தோட்டத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் மீரியபெத்தையில் மண் சரிந்து லயமே புதைந்த பிறகு மலைச் சரிவில் மண்வெட்டியை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். இரண்டு பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றின் முகம் முழுக்கச் சல்லடை, எந்தப் பக்கம் இருந்தும் காற்று உள்ளே போகும். மற்றதற்கு முகமும் பக்கமும் கண்ணாடி, ஓரத்தில் மட்டும் காற்றுக்கு மெல்லிய கீறல். சல்லடைப் பெட்டிதான் சூட்டுக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் சல்லடையைப் பார்த்த உடனே அதன் ஓட்டைகள் வழியாக மிலாற்றுப் புகை நுழைவதுதான் கண்ணில் பட்டது. வெட்கத்தை விட்டு அவரிடம் சொன்னேன், வீட்டில் விறகு அடுப்பு, அறைக்குள்ளேயே புகை வரும் என்று. அவர் இரண்டு பெட்டிகளையும் ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொகைன்னா கண்ணாடிதான் தங்கச்சி. சூட்டப் பத்தி யோசிக்காதீங்க, நம்ம ஊரே ஏசிதானே” என்றார்.

நான் கேட்க விரும்பியதும் அதுதான். கண்ணாடிப் பெட்டியையும், ஒற்றைக் காற்றாடி வைத்த கூலர் ஒன்றையும் வாங்கினேன். கூடுதல் காற்றாடிகள் இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். வரும் வழியில் அப்புத்தளையில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக வந்த குளிர்காற்றில் காது மரத்துப்போனது. இந்தக் காற்றை விடவா ஒரு காற்றாடி பெரிதாகக் கிழித்துவிடப் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கை தவறி ஓர் ஆணி உள்ளே விழுந்து, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்க வேண்டியதாயிற்று. அழாத குறைதான். கடைசியில் சுவிட்சை அழுத்தியதும் உயிர் வந்தது. அம்மா பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. மறுநாள் அவளுடைய ஈரக் காலுறைகள் அங்கே தொங்கின. மழைக் காலத்தில் எங்கள் பக்கம் துணி காய்வதே பெரிய பாடு, சூடாக எதைக் கண்டாலும் அதன்மேல் எதையாவது உலர்த்தாமல் ஒருத்தரும் விடமாட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் அதே இடத்தில் என் துவாய் தொங்கியது.

ஆனால் காலுறையும் துவாயும் இல்லாதபோதும் அது சூடேறியது. ஒரு படத்தை முழுதாகத் தீட்டி முடிக்க அது மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். அரை மணி போனதும் சூடு தொண்ணூறு டிகிரியைத் தொட்டது. வேகம் குறைந்தது. பிறகு திரை கறுத்து, தானாகவே அணைந்தது. வெளியே மூடுபனி, உள்ளே நான் இரண்டு ஸ்வெட்டர், எதிரே கொதிக்கிற ஒரு கண்ணாடிப் பெட்டி. ஊர் எவ்வளவு குளிராக இருந்தால் என்ன, அந்தக் குளிர் உள்ளே போக வழி வேண்டாமா? இந்தச் சின்ன விஷயம் எனக்கும் தோன்றவில்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை. குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சூட்டைப் பற்றி யோசிக்கவே வராது போல.

பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். சூடு சட்டென்று இறங்கியது, மளமளவென்று வேலை நடந்தது. ஒரு வாரம் போவதற்குள் கூலரின் இறகுகளைத் தொட்டால் விரலில் கரி. காற்றாடியே புகையை வாரி வாரி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. துடைத்தேன், மறுபடியும் கரி. மாதம் ஓடிக்கொண்டிருந்தது, பாதிப் படங்கள்கூட முடியவில்லை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. எழுந்து இஸ்தோப்புக்குப் போவேன், மேலே ரோட்டில் போகிற கொழும்பு பஸ்ஸின் சத்தம் கேட்டால் உள்ளே வந்துவிடுவேன். கண்ணாடியை மாட்டுவேன், கழற்றுவேன். வீடியோக்களைப் பார்ப்பேன். சென்னைக்காரர்கள் இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் விடியற்காலை அம்மா பெரட்டுக்குக் கிளம்பும் முன் தேத்தண்ணி வைக்க அடுப்பை மூட்டினாள். புகை அறைக்குள் இறங்கியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இந்தப் பொகை மட்டும் இல்லாட்டி நான் இங்கயே இருந்துருவேம்மா” என்றேன்.

அம்மா தேத்தண்ணியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் குசினியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அடுப்புக் கல் மூன்றையும் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். இஸ்தோப்பின் ஓரத்தில், மழைச்சாரல் விழுகிற மூலையில் கொண்டுபோய் வைத்தாள். காற்றுக்குத் தடுப்பாகப் பழைய தகரம் ஒன்றைச் சாய்த்தாள். நான் வேண்டாம் என்றேன். அது நான் சும்மா சொன்ன வார்த்தை என்றேன். கல்லைத் திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். அவள் என் பின்னாலேயே வந்து அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இப்படி இரண்டு தடவை நடந்தது. பக்கத்துக் காம்பராவில் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. நானும் தோற்றேன்.

அதற்குப் பிறகு அறைக்குள் புகை வரவில்லை. கண்ணாடி கழற்றிய பெட்டி நாள் முழுக்க ஓடியது, ஒரு தடவைகூட அணையவில்லை. நான் திரையில் ஒரு கொழும்புக் குடும்பத்தின் சமையலறைக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருப்பேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருப்பாள். காலையெல்லாம் மலையில் நனைந்துவிட்டு வந்தவள் சாயங்காலமும் நனைந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னலை மூடினேன். பார்க்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது, மறுபடி திறந்தேன். வேலையையும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அவள் நனைந்ததெல்லாம் வீண்.

மாதக் கடைசிக்கு முன்பே எல்லாப் படங்களையும் அனுப்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அலுவலகத்து அக்காவின் அழைப்பு வந்தது. படங்கள் நன்றாக இருக்கின்றன, வீட்டிலிருந்தே செய், நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார். ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு இஸ்தோப்புக்கு ஓடினேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். சாரலில் மிலாறு பற்றாமல் ஒரே புகை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். அதே வேகத்தில் மற்றதையும் சொன்னேன். நாளைக்கே பண்டாரவளைக்குப் போகிறேன், அந்தச் சல்லடைப் பெட்டியையே வாங்கி, முகத்தில் துணி வடிகட்டி வைத்து, மூன்று காற்றாடி போடுகிறேன், கொஞ்சம் புகை வந்தாலும் தாங்கும், இப்போதே அடுப்பை உள்ளே கொண்டுபோகிறேன் என்று சொல்லித் தகரத்தில் கை வைத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

“அந்தப் பொட்டியக் கழட்டாத. கழட்டிப் பூட்டுறப்ப கெட்டுப்போனா என்னா செய்வ? மறுபடி கொழும்புக்குப் போவ” என்றாள்.

கெட்டுப்போகாது, எனக்கு இப்போது பழகிவிட்டது என்றேன். எத்தனை நாளைக்கு இப்படி மழையில் குந்தியிருந்து சமைக்கப் போகிறாய் என்று கத்தியேவிட்டேன். அவள் அகப்பையால் உலையைக் கிண்டினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“நீ அங்க இருந்தப்ப நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன் புள்ள. ஒருத்திக்கு எதுக்கு ஒலைன்னு தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருவேன். இப்ப வெளிய ஒக்காந்தாலும் ஒல வைக்கிறேன்ல.”

கொழும்பில் இருந்த காலமெல்லாம் நான் தினமும் ஃபோனில் சாப்பிட்டாயா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். என்ன கறி என்றால் அதற்கும் ஒரு பேர் சொல்வாள், ஒருநாள் கீரை, ஒருநாள் பருப்பு, ஒருநாள் கருவாடு. நான் நம்பிக்கொண்டு ஃபோனை வைப்பேன்.

உள்ளே போய் இரண்டு தட்டை எடுத்துக்கொண்டு வந்து, சாரல் விழும் பக்கமாக அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சோறு வேக வெகு நேரம் பிடித்தது.