பத்து மணி நேரம் என்று எழுதினேன்

நான் பொய் எழுதிக் கையெழுத்திட்டேன். அதனால் மைதிலி மேடம் தன் ஆராய்ச்சியை இழந்தார்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். லாரி கிளீனர், சுமைதூக்கி என்று ஊர் ஊராய் அலைந்து, மட்டாஞ்சேரியில் ஒரு வாசனைச் சரக்கு நிறுவனத்தின் சிறிய ஆய்வகத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன்.

பம்ப்ளிமாஸ் தோலின் கசப்புச் சத்தை எண்ணெயில் கரையும்படி மாற்ற முயன்றுகொண்டிருந்தார் மேடம். மாற்றுவது ஒரு நொதி. அது வேலை செய்ய அயனித் திரவம் என்ற ஒன்று தேவைப்பட்டது. தேன்போல் கெட்டியாக இருக்கும், ஆவியாகாது, விலை மிக அதிகம். அதனால் கழுவி, உலர்த்தி, மறுபடி பயன்படுத்துவோம். ஈரம் மிஞ்சினால் நொதி, தான் சேர்த்ததைத் தானே பிரித்துவிடும்.

உலர்த்துவது என் வேலை; மேடம் வராத பின்னறையில், தனியாக. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை வெற்றிடப் பம்பு ஓட வேண்டும். மின்சாரம் போனால் குழாயை அடைக்க, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்திருப்பது... அதுதான் என்னால் முடியவில்லை! நான்கு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு வெலிங்டன் தீவுக்குப் படகேறுவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்து, நோட்டில் ‘பத்து மணி நேரம்’ என்று எழுதுவேன்.

ஈரம் அளக்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. மேடம் என் கையெழுத்தை நம்பினார்.

மழைக்காலத்து ஈரக் காற்றில் அந்த நான்கு மணி நேரம் போதவில்லை; எல்லாம் சரிந்தது. சூட்டை மாற்றினார், கலவையை மாற்றினார், புது நொதி வாங்கினார். மூன்று மாதம்...

“அண்ணா, பம்ப் முழுக்க ஓடித்தா?”

“ஓடியாச்சு மேடம்.”

“அப்போ என் கைதான் சரியில்லை. நேத்து வச்ச ரசமும் கெட்டுப்போச்சு.”

சிரித்தார். நானும் சிரித்தேன். எப்படி முடிந்தது என்னால்?

முதலாளி வேலையை நிறுத்தச் சொன்ன அன்று, மேடம் என்னைக் காட்டிச் சொன்னார்: “உலர்த்தறதுல தப்பில்லை சார். அண்ணா அங்கேயே இருந்தார். என் முறைதான் கோளாறு.”

“ஆணோடா?” என்று முதலாளி என்னிடம் மலையாளத்தில் கேட்டார், ‘அப்படியாடா?’ என்று.

தலையாட்டினேன்.

வேலை போய்விடும் என்ற பயமா? எத்தனை வேலை போயிருக்கிறது எனக்கு! அதுவல்ல. ஒருவர் என்னை அவ்வளவு நம்பியது அதுவே முதல் முறை. அதை இழக்க மனமில்லை. அதற்காக அவருடைய உழைப்பைக் கொடுத்தேன்... உங்களுக்கு இது புரிகிறதா? எனக்கே புரியவில்லை.

போன மாதம் படகில் அவரைப் பார்த்தேன். திருப்பூணித்துறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாராம். சற்று நகர்ந்து இடம் விட்டார்.

“உக்காருங்கோ அண்ணா.”

“நின்னுக்கறேன் மேடம்.”

கரை வரும்வரை நின்றேன். அன்றும் சொல்லவில்லை.