பஞ்சவர்ணத்தின் டைம்பீஸ்

பஞ்சவர்ணம் அக்காவைப் போல மிஷினை நம்பியவர் எங்கள் கம்பெனியில் வேறு யாரும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சார சுவிட்ச் செய்யும் சின்ன கம்பெனி அது. நாற்பது பெண்கள் வேலை செய்தோம். நான் சேர்ந்து இரண்டு வருடம். அக்கா ஒன்பது வருடமாகத் தற்காலிகம். எனக்கு வீடு மண்ணூர்பேட்டை, ஆடி அசைந்து நடந்தே வந்துவிடுவேன். அக்கா நெமிலிச்சேரியில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து, எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கேட்டைத் தொடுவார். மாலை ஐந்துக்கு விட்டால் ஐந்தேகால் வண்டி.

முன்பெல்லாம் வாட்ச்மேன் உலகநாதன்தான் நோட்டில் நேரம் எழுதுவார். வெற்றிலை வாங்கித் தருபவர் எட்டேகாலுக்கு வந்தாலும் எட்டுதான். அக்கா வாங்கித் தர மாட்டார். ஒரு நிமிடம் பிந்தினாலும் லேட். இருவருக்கும் கேட்டிலேயே சண்டை நாறும்.

"யோவ், உன் பேனாவுக்கு ஆள் பாத்துதான் கண்ணு தெரியுமா?"

எண்பத்தெட்டு ஜூன் மாதம் பஞ்சிங் மிஷின் வந்தது. அட்டையைச் செருகினால் 'டிங்' என்று நேரத்தை அச்சடிக்கும். எட்டு தாண்டினால் சிவப்பு மை. அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதுக்கு மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. வெத்தல போடாது. எல்லாருக்கும் ஒரே மணி, வனஜா!"

ஆயுத பூஜையன்று மற்ற மிஷின்களுக்கெல்லாம் நாங்கள் பொட்டு வைத்தோம். அதற்கு மட்டும் அக்கா தன் கையாலேயே சந்தனம் குழைத்து, ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்தார்.

தீபாவளி முடிந்ததும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜனவரியில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். ஆறு மாதத்தில் ஐந்து சிவப்புக்கு மேல் விழுந்தவருக்குக் கிடையாது. அதுவரை அக்கா அட்டையில் ஒரு சிவப்பும் இல்லை. நோட்டீஸ் ஒட்டிய இரண்டு வாரத்தில் ஒன்பது விழுந்தது. எட்டு இரண்டு, எட்டு மூன்று, எட்டு இரண்டு.

"கால் தளந்து போச்சுடி. முன்ன மாரி நடக்க முடியல" என்றார். மாலையில் ஐந்தேகால் வண்டியும் தவறியது. அதற்கு ரயில்காரனைத் திட்டினார். மிஷினை யாரும் சந்தேகிக்கவில்லை. நானும்தான்.

அடுத்த வாரம் அக்கா விடியலுக்கு முன்பே எழுந்து, பிள்ளைகளுக்குச் சோறு வடிக்காமல், முந்தைய வண்டியைப் பிடித்து வந்தார். ஒரு மாலை நாங்கள் அட்டையுடன் வரிசையில் நின்றபோது பக்கத்து கம்பெனியில் ஐந்து மணிச் சங்கு ஊதியது. மிஷினில் நாலு ஐம்பத்தாறு. அந்தச் சங்கை ஒரு கிழவர்தான் இழுப்பார், தூங்கி வழிபவர் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு. அன்றும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் காலை சீக்கிரமே வந்து மிஷின் பக்கத்தில் நின்றார். எட்டு மணிச் சங்கு ஊதியபோது மிஷினில் எட்டு நாலு.

"கெட்டுப்போன கடியாரம் முந்தினா முந்திகினே போவும். காலைல முந்தி சாயங்காலம் பிந்துமாடி?"

மிஷினைத் திறந்து நேரத்தை மாற்றும் சாவி, எங்கள் வருகைக் கணக்கைப் பார்க்கும் டைம் ஆபீசர் அய்யாசாமியின் சட்டைப் பையில் இருந்தது. அவரிடம் போய்க் கத்தலாம் என்றேன்.

"கத்தலாம்தான். உலகநாதன் கிட்ட கத்துனா பேனாவ வச்சிட்டாவது என் மூஞ்சப் பாப்பான். இந்த ஆளு மிஷினைக் காட்டுவான்."

மறுநாள் அக்கா பையில் வீட்டு டைம்பீஸ் இருந்தது. ஸ்டேஷன் டீக்கடை ரேடியோவில் ஏழேகால் செய்தி தொடங்கும்போது சரி பார்த்துக் கொண்டு வந்திருந்தார். அதைக் கயிற்றில் கட்டி, பஞ்சிங் மிஷினை ஒட்டிய ஆணியில் தொங்கவிட்டார். இரண்டுக்கும் நாலு நிமிடம் வித்தியாசம். வரிசையில் நின்ற நாற்பது பேரும் பார்த்தோம்.

அய்யாசாமி வந்தார். "என்னம்மா இது?"

"கடியாரம் சார். கைல வாட்ச் இல்லாதவங்க மணி பாக்கட்டுமேன்னு."

அவர் டைம்பீஸைப் பார்த்தார், வரிசையில் நின்ற எங்களைப் பார்த்தார், ஆபீசுக்குள் போய்விட்டார். மூன்றாம் நாள் இரண்டு கடிகாரமும் ஒரே மணி காட்டின.

பழைய சிவப்புகளை நீக்கச் சொல்லி அக்கா கேட்டார். "மிஷின்ல விழுந்ததை நான் எப்படிம்மா மாத்துறது?" என்றார் அவர், ரொம்பப் பணிவாக.

ஜனவரியில் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. அக்கா பெயர் இல்லை. கேட்டுப் பக்கத்தில் வீடு இருந்ததைத் தவிர நான் ஒன்றும் சாதிக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுதுகொண்டே அவர் முன்னால் போய் நின்றேன். அவர் வழக்கம்போல டைம்பீஸுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உன் அட்டைல சிவப்பு எதுனா விழுந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப ஏண்டி அழுவுற? கடியாரம் சரியாத்தான் ஓடுது" என்று அதை ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.