கோவா முகாமின் காவலாளி அகஸ்ரின்

உலகப்போர் முடிந்துவிட்டது என்ற செய்தி, தொண்ணூற்று நான்காம் ஆண்டிலும் இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தாப் பகுதியில் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை. அந்த வீட்டில் மன்னார் பேசாலை அகஸ்ரின், கலோஜெரோ என்ற கிழவரைப் பராமரித்து வந்தான். அவனிடம் பெர்மெசோ என்ற தங்கும் அனுமதி கிடையாது. பிடிபட்டால் கொழும்புக்கு விமானம். அதற்கு அப்பால் எந்த முகாம் என்று அவன் நினைத்துப் பார்ப்பதில்லை.

கலோஜெரோ இளவயதில் இத்தாலியச் சிப்பாய். போரில் பிடிபட்டு, இந்தியாவில் பிரிட்டிஷ் வெள்ளைக்காரனின் கைதிமுகாமிலிருந்து தப்பி, எந்தப் பக்கமும் சேராத போர்த்துக்கேயரின் கோவாவுக்குள் ஓடினார். நடுநிலைக்காரர் அவரை அன்போடு வரவேற்று, அன்போடு இன்னொரு முகாமில் அடைத்தார்கள். வெள்ளைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று அன்று பிடித்த பயம், மூளை கலங்கியதும் வட்டியோடு திரும்பியது. கோவாக் காவலாளிகளைப்போலக் கறுத்த அகஸ்ரின்தான் முகாம் காவலாளி என்று கிழவர் தீர்மானித்துவிட்டார். கைதிக்குக் காவலாளியில் பயம். காவலாளிக்குக் கைதி போடும் சத்தத்தில் பயம். வீடு ஒழுங்காக நடந்தது.

வேலை எடுத்துக் கொடுத்த கிளறா முன்னமே சொல்லியிருந்தாள்: "அண்ணை, கிழவர் கத்தினா அவரின்ரை வாயைப் பொத்துங்கோ. பொலிஸ் வந்தா உங்கடை வாயைப் பொத்துங்கோ."

ஒரு ஞாயிறு, கிழவரின் மகள், வீட்டு எசமானி சிஞ்ஞோரா, பூசைக்குப் போயிருந்த நேரம், தன்னை வெள்ளைக்காரனிடம் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று கிழவர் பல்கனியில் நின்று தெருவுக்கே அறிவித்தார். அகஸ்ரினுக்கு வாயைப் பொத்தக் கை வரவில்லை. பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிட்டார்கள்.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் அகஸ்ரினின் உடம்பு பேசாலைக்குப் போய்விட்டது. அங்கே ஆமியின் சுற்றிவளைப்பு என்றால், கேட்கும்வரை காத்திருப்பது வழக்கமில்லை. கதவைத் திறந்தான். நிலத்தில் குந்தினான். கைகளைப் பிடரியில் கோத்துத் தலையைத் தாழ்த்தினான். இத்தாலியில் இப்படி யாரும் கேட்டதில்லை; தானே வந்து மாட்டிக்கொள்ள இதைவிட நேர்த்தியான வழியும் இல்லை.

வந்த பொலிஸ்காரர் இருவரும் திகைத்தார்கள். மூத்தவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

அதற்குள் கிழவர் உள்ளே வந்து பார்த்தார். காவலாளியே குந்தியிருக்கிறான் என்றால் முகாம் பெரிய கைக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். முழங்கால் முறிய அவனருகே குந்தி, கைகளைப் பிடரியில் வைத்து, தன் பெயரையும் படைப்பிரிவையும் ஒப்புவித்தார். பிறகு சொன்னார்:

"இவனும் என்னோடு சேர்த்தி. அனுப்புவதென்றால் இரண்டு பேரையும் அனுப்புங்கள்."

அகஸ்ரின் தலையை இன்னும் தாழ்த்தினான். இவ்வளவு தெளிவாக அவனை யாரும் காட்டிக்கொடுத்ததில்லை.

மூத்த பொலிஸ்காரரின் கண் கலங்கியது. கிழவரை அடக்க இவன் தானும் கைதியாக நடிக்கிறான், என்ன பொறுமை, என் தகப்பனுக்கு இப்படி ஒருத்தன் கிடைக்கவில்லையே என்று மற்றவரிடம் சொல்லி, கிழவருக்கு ஒரு சலூட் அடித்துவிட்டு இறங்கிப் போனார். கடதாசி எதுவும் கேட்கவில்லை.

கதவு சாத்திய பிறகும் அகஸ்ரினால் எழும்ப முடியவில்லை. கிழவர் அவன் காதுக்குள் குசுகுசுத்தார்.

"அசையாதே. கீழே நிற்கிறார்கள்."

அகஸ்ரின் காது கொடுத்துக் கேட்டான். பொலிஸ் வண்டி கிளம்பிய சத்தம் இன்னும் வரவில்லை. அவன் அசையவில்லை.