ஆடாமல் வந்த வீடு

ரொட்டியக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். ஊர் எழுவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைந்தே அறுபது வயதைத் தொட்டவள். கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரு செங்குத்தான படிக்கட்டு. அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான். கடையைத் தங்கை மகளிடம் ஒப்படைத்ததும், மிச்ச உலகத்தையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று ஒற்றைக்காலில் நின்று கணவரை ஒரு பழைய டிரெய்லர் வீட்டை வாங்கவைத்தாள். கட்டில், மேசை, சமையல் மூலை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போனால் போகிற இடமெல்லாம் சொந்த வீடு.

ஓட்டுவதற்கும் அவரே இருந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் டிரைவர். அவ்வளவு நீளப் பேருந்தையே சந்துக்குள் திருப்பியவனுக்கு இது சுண்டைக்காய் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

கடையைக் கொடுத்தவளுக்கு ஒரு அடுப்பைக் கொடுக்க மனம் வரவில்லை. தொழில் தொடங்கிய நாளில் வாங்கிய வார்ப்பிரும்பு அடுப்பு அது. நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். புகை வெளியே போகட்டும் என்று டிரெய்லரின் பின்பக்க ஜன்னலை ஒட்டி அதை வைக்கச் சொன்னாள். பக்கத்தில் மாவு மூட்டைகளையும் அடுக்கினாள்.

முதல் பயணம் ஏரிக்கரைக்கு. ஊருக்குள் வண்டி சாதுவாகத்தான் வந்தது. நெடுஞ்சாலையின் நீண்ட இறக்கத்தில் ஒரு லாரி பக்கத்தில் உரசுவதுபோல் கடந்துபோனது. அவ்வளவுதான், பின்னால் வந்த வீட்டுக்குப் பேய் பிடித்துவிட்டது. ஒருமுறை இடது கண்ணாடியில் தெரிந்தது, மறுமுறை வலது கண்ணாடியில். டிரைவர் பிரேக்கை மிதிக்க, ஆட்டம் இன்னும் கூடி வேனையே பிடித்து உலுக்கியது. காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார். நல்ல காலம், இறக்கம் முடிந்து மேடு வந்தது. வேகம் தானாக அடங்கியது. ஓரம் கட்டிய பிறகும் அவர் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. ஏரிக்குப் போகாமல் அங்கிருந்தே திரும்பினார்கள். வழியெல்லாம் ஆமை வேகம். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தே திட்டித் தீர்த்தன.

வீட்டுக்கு வந்ததும் டிரெய்லரை விற்றுவிடலாம் என்றார். அவள் கெஞ்சினாள், கோபித்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். மனிதர் கல்லாக நின்றார். பிறகு ஒரு மத்தியானம் அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது, அவர் குழாயடியில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க செய்றீங்க?"

"கை முன்ன மாதிரி இல்ல. உன்னையும் ஏத்திக்கிட்டு எதுக்கு இந்த விஷப்பரீட்சை?"

அவளுக்குச் சுருக்கென்றது. வண்டிமேல் கோபம் என்றல்லவா நினைத்திருந்தாள். அவள் ஆறுதல் சொல்லவில்லை. வயதுக்கு ஆறுதல் சொன்னால் இருக்கிற வயதோடு இன்னும் பத்து கூடிவிடும் என்பது அவள் கட்சி. வேன் சாவியை எடுத்து அவர் கையில் திணித்து, டிரெய்லரோடு டயர் கடைக்குக் கூட்டிப்போனாள்.

டயர் கடைக்காரனுக்குக் காத்து என்று பெயர் வைத்தது யாரோ. வாயும் அப்படித்தான், நிற்காமல் அடிக்கும். இறக்கத்தில் நடந்ததை அவள் சொல்லக் கேட்டவன், அன்றைக்கு மட்டும் பேசாமல் டிரெய்லரைச் சுற்றி வந்தான். டயரை முட்டியால் அழுத்தினான். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். மாட்டியிருந்தது கார் டயராம். பக்கங்கள் தொளதொளவென்று நெளிகின்றன, அதிலும் காற்று பாதிதான். வேனின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கிக் குண்டு உயரமாக இருப்பதால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானம் பார்க்கிறதாம். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இத்தனை கனத்த யாரு வால்ல கட்டினது?"

ரொட்டியக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினாள்.

பின்னால் கனம் கூடினால் முன்பக்கம் லேசாகி, கொக்கியில் அழுத்தமே இல்லாமல் வண்டி மிதக்கும் என்று அவன் விளக்கினான். டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, என் கை?"

"அந்தக் கை இருந்ததாலதான் அண்ணே ரெண்டு பேரும் இங்க நிக்கிறீங்க. பிரேக்க மட்டும் மிதிச்சிருக்கக் கூடாது."

டிரைவர் வேனுக்கு அந்தப் பக்கம் போய்க் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

அதற்கப்புறம் கடை அமர்க்களப்பட்டது. பக்கம் விறைப்பான டிரெய்லர் டயர்கள் வந்தன. ஓடிச் சூடாவதற்கு முன்பே, அவற்றுக்குக் குறித்திருந்த அளவுக்குக் காற்றை நிரப்பினான். குண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். ரொட்டியக்கா டிரெய்லர் தரையில் மாவுருட்டும் கட்டையை வைத்து, அது உருளாமல் நிற்கும்வரை போதாது என்றாள். அடுப்பை நாலு பேர் முக்கி முனகிச் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் நகர்த்தினார்கள். தங்கை மகள் கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தாள். டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கி, மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும்வரை மாவு மூட்டைகளை இடம் மாற்றினார்கள். கடைசியாக ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பி ஒன்றையும் வேனுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் மாட்டினான் காத்து. மற்றதெல்லாம் சரியாக இருந்தால்தான் இந்தக் கம்பிக்கு மரியாதை என்றும் சொல்லிவைத்தான்.

மறுபடி அதே இறக்கம். லாரி வராமலா இருக்கும்? இரண்டு வந்தன, ஒன்றன் பின் ஒன்றாக. ரொட்டியக்கா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். டிரெய்லர் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, அத்தோடு சரி. கண்ணைத் திறந்தால் டிரைவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் கேட்டது. அப்போதும் சுதி சேராது.

ஏரிக்கரையில் அவள் சுட்ட ரொட்டியின் வாசனைக்கு அக்கம்பக்கத்து டிரெய்லர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பேச்சுக்குப் பேச்சு, சிரிப்புக்குச் சிரிப்பு. டிரைவரை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், யாரோ ஒருவருடைய வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"வெளிய வாங்க, ரொட்டி ஆறுது."

"இரு, இவங்க கொக்கிக் குண்டு ரொம்ப உசரம்," என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல்.